மட்டம் எங்கே பிறக்கிறது?

அடிமரத்தை நீளவாக்கில் அறுத்தெடுத்த அகன்ற பலகை, காயும்போது நேராகக் கிடப்பதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, குறுக்கே சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் பலகை குழியும். சில வேளை முறுக்கிக்கொள்ளும். அதனை மட்டமாக்கியவர்களின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று சொல்ல விழைகிறேன்.

பழைய தச்சர், பலகையின் இரு கோடியிலும் ஒரே அளவான இரு நேர்க்கோல்களை வைப்பார். ஒற்றைக் கண்ணால் ஒன்றன் விளிம்பை மற்றதன் விளிம்போடு பொருத்திப் பார்ப்பார். விளிம்புகள் பொருந்தவில்லையெனில் முறுக்கு உண்டு. உயர்ந்த மூலையை இழைப்புளியால் இழைப்பார், மீண்டும் பார்ப்பார். மட்டம் அவருடைய கண்ணிலும் தோளிலும் இருந்தது. அது பல ஆண்டுப் பயிற்சியால் வருவது.

அந்தப் பயிற்சி இல்லாதவன் என்ன செய்வது? இக்கேள்வியை எழுப்பியவர் சாமுவேல் பெந்தம் என்னும் ஆங்கிலேயர். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் தம்பி. ஜெரமி திட்டமிட்ட புதுமைச் சிறைச்சாலையில் கைதிகளுக்கு வேலை தரவேண்டும். அவர்களோ தச்சர்கள் அல்லர். சாமுவேல் 1791-இல் ஓர் இழைப்புப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பலகையின் முழு அகலத்துக்கும் இழைப்புளி. அதன் இரு புறமும் கன்னங்கள்போல் இரு கட்டைகள். கன்னங்கள் கீழே மேசையைத் தொட்டதும் வெட்டு நின்றுவிடும். தள்ளுபவன் தேர்ந்தவனாயினும் அல்லாதவனாயினும் கனம் ஒன்றே. இது இரக்கமா, ஆதாயமா? இரண்டும் கலந்திருந்தன என்பதே என் கருத்து. அச்சிறை கட்டப்படவே இல்லை. அந்த எண்ணமோ அழியவில்லை.

1802-இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற பொறியில், சுழலும் பெருஞ்சக்கரத்தின் அடியில் உளிகள் பதிந்திருந்தன. பலகை அதன் கீழே நகர்ந்தது. பின்வந்த பொறிகள் விரைவிலும் திறனிலும் வளர்ந்தன. ஆயினும் எந்தப் பொறிக்கும் வாயின் அகலம் ஓர் எல்லை. நான்கடி அகலப் பலகை அதில் நுழையுமா?

விடை சிறு கருவியிலிருந்து வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரில், வார்ப்புக்கு மர மாதிரி செய்துவந்த கார்ட்டர் என்பவர், முடிவெட்டும் கருவியின் மின்மோட்டாரில் வெட்டலகைப் பொருத்தினார். அதன் வழியில் வளர்ந்ததே கையால் பிடிக்கும் ரூட்டர். அவர் தொழிலை ஸ்டான்லி நிறுவனம் 1929-இல் வாங்கிற்று.

அகன்ற பலகையை இன்று மட்டமாக்கும் முறை இது. ஆடாதபடி அடியில் ஆப்பு வைப்பர். இரு புறமும் பலகையைவிட உயர்ந்த நேரான சட்டங்கள், அவற்றின்மேல் பாலம்போல் ஒரு தட்டு, தட்டில் ரூட்டர். மேடான இடங்கள் முதலில் வெட்டுப்படும். ஆழத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட, முழுப் பரப்பும் ஒரே தளமாகும். பிறகு புரட்டிப்போட்டு மறுபுறம். ஆழ்ந்து நோக்கின் இச்சட்டங்கள் பெந்தமின் கன்னங்களே. ஆனால் சட்டங்கள் முறுக்கியிருந்தால் அம்முறுக்கு அப்படியே மரத்தில் பதியும். ஆகவே நேர்க்கோல்களும் ஒற்றைக் கண் பார்வையும் மறுபடி வேண்டும். பலகையைப் பார்த்த கண் இப்போது சட்டத்தைப் பார்க்கிறது, அவ்வளவே!

இயற்கை விளிம்போடு கூடிய அகன்ற பலகைக்கு இருபதாம் நூற்றாண்டில் மதிப்பைத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் நகாஷிமா. புதுச்சேரியில் கோல்கொண்டா விடுதி எழுந்தபோது அங்கே பணிபுரிந்த கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரில், ஜப்பானிய வழியினர் என்பதற்காக அமெரிக்கா முள்வேலிக்குள் அடைத்தவர்களுள் அவரும் ஒருவர். கைதிக்குத் தொழில் தெரியாதே என்று பெந்தம் பொறி செய்தார்; 1942-இல் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் நகாஷிமாவோ, உடன் அடைபட்டிருந்த ஒரு தச்சரிடம் கைத்தொழிலின் நுட்பங்களைக் கற்றார். அவர் 1990-இல் மறைந்தார். ஒரு பெரும் வால்நட் மரத்தைக் கண்டு அவர் எண்ணிய அமைதி மேசைகளுள் ஒன்று, 1996-இல் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் வந்து சேர்ந்தது.