ஹெர்ட்ஸ் புராணம்: 60 போதாதா?

புது மானிட்டர் வாங்கக் கிளம்புறவங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இது. 60 ஹெர்ட்ஸ் போதுமா, இல்ல 144, 240-ன்னு மேலே போகணுமா? கடைக்காரரைக் கேட்டா "அதிகம்னா நல்லதுதான் சார்"ம்பார். அவருக்கு நல்லது, அதுல சந்தேகமே இல்லை :-) நமக்கு நல்லதான்னு தெரியணும்னா, இந்த 60 எங்கிருந்து வந்து ஒட்டிக்கிச்சுன்னு பார்க்கணும். கதை கொஞ்சம் பழசு. பொறுமையாப் படிங்க.

முதல்ல ஒரு வரி விளக்கம். திரை ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுசா வரையுதோ, அத்தனை ஹெர்ட்ஸ். அவ்வளவுதான் மேட்டர்.

1895 டிசம்பர் 28, பாரிஸ். லூமியே சகோதரர்கள் காசு வாங்கிக்கிட்டு ஊருக்குப் படம் காட்டிய நாள். கையால சுத்துற கருவி. விநாடிக்கு ஏறக்குறைய 16 படங்கள். அசைவு தெரிய அது போதும். ஆனா வெளிச்சம் விநாடிக்கு 16 தடவை அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா கண்ணு தாங்குமா? அதனால பின்னாடி வந்த புரொஜக்டர்கள்ல மூணு இறக்கை வச்ச ஷட்டரைப் போட்டாங்க. ஒரே படம், மூணு முறை மின்னும். 16 x 3 = 48. 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தப்போ, ஒலி சீரா வரணும், ஃபிலிம் செலவும் கட்டுப்படியாகணும்னு 24-ல் நிறுத்தினாங்க. 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ரெண்டு இறக்கை ஷட்டர், ஆக மறுபடியும் 48.

இங்கேயே ஒரு விஷயம் பிடிபட்டுடும். சிமிட்டல் வேற, அசைவு வேற. கண்ணு வலிக்காம இருக்க ஒரு கணக்கு, அசைவு வழுக்கிக்கிட்டு ஓட இன்னொரு கணக்கு. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் இன்னிக்கும் மானிட்டர் வாங்கும்போது தலை சுத்துது.

அடுத்து டிவி. 1936 நவம்பரில் லண்டன்ல பிபிசி ஒளிபரப்பு ஆரம்பிச்சப்போ விநாடிக்கு 50 அரைப்படங்கள். 1941-ல் அமெரிக்கா வச்சுக்கிட்டது 60. ஏன் இந்த வித்தியாசம்? கண்ணு ஒண்ணும் நாட்டுக்கு நாடு மாறலை. பிரிட்டன்ல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுல 60. மின்சாரத்தோட ஒத்துப்போகலைன்னா திரையில பட்டை பட்டையா ஊர்ந்து போகும். அதனால சுவர்ல இருக்கிற பிளக் பாயின்ட்தான் அந்த எண்ணை முடிவு பண்ணுச்சு. நம்ம ஊர் கரண்டும் 50. சென்னைத் தொலைக்காட்சியில நாம பார்த்ததெல்லாம் அந்த 50-தான்.

கம்ப்யூட்டர் அமெரிக்காவுல பிறந்த குழந்தை, அதனால கூடவே 60 வந்துச்சு. ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்த விஜிஏ-வில் எழுத்துத் திரை 70 ஹெர்ட்ஸ், 640 x 480 படத்திரை 60 ஹெர்ட்ஸ். அதே வருஷம் அவங்களே போட்ட 8514 மானிட்டர் 1024 x 768 காட்டும். ஆனா முழுப்படம் விநாடிக்கு 43.5 தான். பாதி பாதியா வரைஞ்சு 87-ன்னு கணக்கு காட்டினாங்க. மெல்லிசுக் கோடெல்லாம் திரையில நடுங்கும்.

டிவியைத் தள்ளி உட்கார்ந்து பார்ப்போம். மானிட்டரை? ரெண்டு அடி தூரத்துல, வெள்ளைப் பின்னணியில, எட்டு மணி நேரம். பொட்டி தட்டுறவங்களுக்கு 60 ஹெர்ட்ஸ் சிஆர்டி-ன்னா சாயங்காலம் தலைவலி நிச்சயம். இதை விடாமப் பிடிச்சுக்கிட்டது ஸ்வீடன் நாட்டு அலுவலக ஊழியர்களோட தொழிற்சங்கக் கூட்டமைப்பு டிசிஓ. பழைய மானிட்டர் மூலையில 'டிசிஓ 99'-ன்னு ஒரு ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்களே, அது அவங்க முத்திரை. அது வேணும்னா சிஆர்டி குறைஞ்சது 85 ஹெர்ட்ஸாவது ஓடணும். நம்ம மேஜை மேல இருந்த மானிட்டரோட கண்கூச்சத்தைக் குறைச்சதுல ஒரு தொழிற்சங்கத்துக்குப் பங்கு இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா 85 இனாமா வராது. 1024 x 768-ஐ 60-ல் ஓட்ட, மானிட்டர் விநாடிக்கு சுமார் 48,000 கோடு வரையணும். 85-ன்னா கிட்டத்தட்ட 69,000. விலை குறைஞ்ச மானிட்டருக்கு அவ்வளவு மூச்சு கிடையாது.

அப்புறம் எல்சிடி வந்துச்சு. 85-ல் இருந்த ஜனம் மறுபடி 60-க்கு இறங்குச்சு, யாரும் முணுமுணுக்கலை! காரணம் இருக்கு. சிஆர்டி புள்ளி மின்னி அணையும். எல்சிடி புள்ளி அடுத்த படம் வர்ற வரைக்கும் அப்படியே நிற்கும். சிமிட்டல் பிரச்சினை அங்கேயே தீர்ந்துபோச்சு. தவிர, 1999-ல் வந்த டிவிஐ ஒற்றை இணைப்போட எல்லை 165 மெகாஹெர்ட்ஸ். 1600 x 1200-ஐ 60-ல் அனுப்பவே 162 வேணும். வயர்ல இடமில்லை.

ஆனா புள்ளி அப்படியே நிற்கிறதுக்கு ஒரு விலை உண்டு. ஓடுற பொருளைக் கண்ணு தொடர்ந்து போகும், படம் நின்ன இடத்துல நிற்கும். விளைவு, இழுவல். விநாடிக்கு 960 புள்ளி நகர்ற ஒரு எழுத்து 60 ஹெர்ட்ஸில் 16 புள்ளி அகலத்துக்கு இழுபடும். 120-ல் 8. 240-ல் 4. பக்கத்தை உருட்டும்போது எழுத்து கலங்கித் தெரியுதே, அதுதான் இது.

இதைச் சரிபண்ணணும்னு 120 வரலை என்பதுதான் வேடிக்கை. 2009-ல் என்விடியா முப்பரிமாணக் கண்ணாடி விற்க வந்துச்சு. இடது கண்ணுக்கு 60, வலது கண்ணுக்கு 60, ஆக 120. கண்ணாடியை மாட்டிக்கிட்டவங்க கொஞ்சம் பேர்தான், 2019-ல் அதுக்கு மூடுவிழாவே நடந்துடுச்சு. ஆனா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு விளையாடினவங்க "அட, இது வேற மாதிரி இருக்கே"ன்னாங்க. 120 நிலைச்சுது, 2012-ல் 144 வந்துச்சு, 2017-ல் ஐபேட் புரோவுக்கு 120 வந்துச்சு, 2023-ல் 540 வரைக்கும் போயாச்சு.

ஆச்சா? இப்போ காசு கணக்கு. 60-ல் ஒரு படம் நிற்கிற நேரம் 16.7 மில்லிவிநாடி. 144-ல் 6.9. மிச்சம் கிட்டத்தட்ட 10. 144-லிருந்து 240-க்குப் போனா (4.2) மிச்சம் மூணுகூட இல்லை. 240-லிருந்து 360-க்கு (2.8) ஒண்ணரைகூட இல்லை. விலை ஏற ஏற, கிடைக்கிறது தேயுது.

என் கட்சி இதுதான். 60-லிருந்து 100, 120, 144-க்கு ஏறுறது நியாயமான செலவு. விளையாடாதவங்களுக்கும் பக்கத்தை உருட்டும்போது, மவுஸை நகர்த்தும்போது வித்தியாசம் தெரியும். அதனால பழைய மானிட்டர் போய்ச் சேர்ந்து புதுசு வாங்கினா 60-ஐ வாங்காதீங்க. ஆனா நல்லா ஓடுற மானிட்டரைத் தூக்கிப் போட்டுட்டு வாங்குற அளவுக்கு, எழுதிப் படிக்கிறவங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு எழுத்து துல்லியமாத் தெரியுற திரை மேல். 240-க்கு மேல போறது போட்டி ஆட்டக்காரங்க சமாச்சாரம். அதுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு அத்தனை படம் தள்ளணும். கார்டு 60 படம்தான் தருதுன்னா 240 ஹெர்ட்ஸ் திரை ஒரே படத்தை நாலு தடவை காட்டும். லூமியே காலத்து ஷட்டர் மாதிரியே :-)

"கண் வலிக்குது, அதனால 144 வாங்குறேன்"னு மட்டும் கிளம்பாதீங்க. எல்சிடியில மின்னல் இருந்தா அது பின்விளக்கோட வேலை. சில மானிட்டர்கள்ல வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை அணைச்சு அணைச்சு எரிய விடுவாங்க. ஹெர்ட்ஸைக் கூட்டினா அது போகாது.

கடைசியா ஒண்ணு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாட்டினாலும் விண்டோஸ் பல நேரம் 60-லேயே ஓட்டிக்கிட்டு இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே... அங்கே போய் உங்க பொட்டியில என்ன எண் இருக்குன்னு பாருங்க. காசு கொடுத்து வாங்கின ஹெர்ட்ஸ் அங்கேயே தூங்கிக்கிட்டிருக்கலாம். பார்த்துட்டு வந்து சொல்லுங்க.