உள்ளங்கையில் இரு பிள்ளைகள்

ஆளுயரச் சித்திரம் ஊரார் பார்ப்பதற்கு. உள்ளங்கையில் அடங்கும் சித்திரம் உற்றார் பார்ப்பதற்கு. புகைப்படம் பிறப்பதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன், எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் இந்தச் சிற்றோவியக் கலை வேர்விட்டது. கன்றுத் தோலைத் தாள்போல் மெல்லியதாகப் பதம் செய்வார்கள். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை எடுத்து அதன்மேல் ஒட்டுவார்கள். நீர்வர்ணத்தால் முகம் எழுதுவார்கள். சூதாடும் சீட்டின்மேல் குலக்கொழுந்தின் முகம்! விதியும் அப்படித்தானே விளையாடுகிறது?

ஜெர்மானிய ஓவியர் ஹோல்பீன் எழுதிய இரண்டு சிற்றோவியங்கள் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வட்டம், குறுக்களவு 2 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்றில் அண்ணன் ஹென்றி பிராண்டன், வயது 5. மற்றொன்றில் தம்பி சார்லஸ், வயது 3. ஆண்டு 1541 என்று சித்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

இவர்களுடைய தந்தை சபோக் பிரபு, மன்னனின் ஆருயிர் நண்பர். அவர் முன்பு மன்னனின் தங்கை மேரியை மணந்திருந்தார். 1533-இல் அவள் இறந்தாள். தம் மகனுக்கென்று நிச்சயித்து, தம் பாதுகாப்பில் வளர்த்துவந்த கேதரின் வில்லோபி என்ற 14 வயதுப் பெண்ணை அதே ஆண்டில் தாமே மணந்துகொண்டார். பிரபுவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. கேதரின் 16 வயதில் ஹென்றிக்குத் தாயானாள்.

1545-இல் பிரபு மறைந்தார். பட்டம் ஹென்றிக்கு வந்தது. இளவரசன் எட்வர்டுடன் சேர்ந்து பாடம் படித்த பிள்ளை அவன். பின்னர் சகோதரர் இருவரும் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார்கள்.

1551-இல் வந்தது வியர்வைக் கொள்ளைநோய். காலையில் நடமாடியவர் மாலையில் பிணம். 1485 முதல் ஐந்து முறை இங்கிலாந்தை வாட்டிய அந்த நோய்க்கு அதுவே கடைசி வருகை. பிள்ளைகள் கேம்பிரிட்ஜைவிட்டு ஓடிப் பக்டன் என்ற சிற்றூரை அடைந்தார்கள். நோய் அவர்களைத் தொடர்ந்தது. ஜூலை 14-ஆம் தேதி அண்ணன் கண்ணை மூடினான். பட்டம் தம்பியைச் சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அவனும் போய்விட்டான். வாரிசு இல்லாமல் அந்தப் பட்டம் அற்றுப்போயிற்று.

தாய் என்ன ஆனாள்? கேதரின் ஒடிந்துவிடவில்லை. தன் இல்லத்து அலுவலர் ஒருவரை மணந்தாள். மேரி அரசியின் ஆட்சியில், சீர்திருத்தச் சமயத்தை விடமாட்டேன் என்று 1555-இல் கடல் கடந்து போனாள். அந்த அகதி வாழ்வில், வேசல் நகரத்தில், அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்குப் பெரெக்ரின் என்று பெயரிட்டாள். தேசாந்திரி என்பது அதன் பொருள்.

ஹோல்பீன் 1543-இலேயே இறந்துவிட்டார். தாம் எழுதிய பிள்ளைகளின் முடிவை அவர் அறியார். அறியாததனால்தானோ என்னவோ, அந்த முகங்களில் சாவின் நிழல் இல்லை. சரித்திர நூலில் சார்லஸ் ஒரு மணி நேரப் பிரபு. ஒரே வரியில் அவன் கதை முடிந்துவிடுகிறது. சீட்டின்மேல் ஒட்டிய அந்தத் தோலிலோ அவன் பிரபுவுமல்ல, பிணமுமல்ல. மூன்று வயதுக் குழந்தை. பெற்றவள் கண்ணுக்கு அவன் என்றும் அப்படித்தானே இருந்திருப்பான்?