தோல் ஒரு ஊர், கட்டை ஒரு ஊர்

குரோம்பேட்டை என்னும் பெயர் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஞாபகார்த்தமாக வைக்கப்பட்டது என்று எண்ணிக்கொண்டே தாம்பரம் மின்சார ரயிலில் தினந்தோறும் போய் வருகிறவர்கள் உண்டு. கதையில் ஒரு துரை வருகிறார் என்பது மெய்தான். அவர் பெயர் சேம்பர்ஸ். ஆனால் ஊரின் பெயர் அவருடையதல்ல, தோலினுடையது. குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையை 1903-ம் ஆண்டுவாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் சோதித்துப் பார்த்தார். அதன் பின் சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்தை அடுத்து எழுந்தது. கம்பெனியை நினைவில் வைத்திருப்பவர்கள் அருகிப் போனார்கள். பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பூட்ஸும் கைப்பெட்டியும் எத்தனை வேண்டுமானாலும் செய்யத்தக்க அந்தத் தோலைக் கொண்டு ஒரே ஒரு மிருதங்கம் மூட்ட முடியாது. பதனிட்ட தோல் வளைந்து கொடுக்கும், சொன்னபடி கேட்கும். வாத்தியத்துக்கு அந்தப் பணிவு உதவாது. காய்ந்து, முறுக்கேறி, விரல் பட்டால் வெடுக்கென்று பதில் சொல்லும் பச்சைத் தோல்தான் அதற்கு வேண்டும். தோலின் பெயரால் ஊர் வாங்கிய பேட்டையிலிருந்து மத்தளத்துக்கு ஒரு முழம் கூடக் கிடைக்காது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் பக்கத்துப் பல்லாவரத்தில் கிடைக்கும். தோல் அல்ல, டிரம். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் சந்தை ஆதியில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்று சொல்வார்கள். இன்று அங்கே மாடு தவிர மற்ற எல்லாம் விற்கிறது. காலுடைந்த நாற்காலி, ஓடாத கடிகாரம், கூண்டுக் கிளி, யாரோ ஒரு பாட்டனாரின் மூக்குக் கண்ணாடிக் கூடு. இவற்றின் நடுவே எப்போதாவது ஒரு பாண்டு டிரம்மின் வெற்றுடல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒரு பக்கம் வளையம் இருந்தால் மறுபக்கம் இராது. எட்டு முறுக்காணியில் ஐந்து இருக்கும். ஒரு தடவை இளைஞன் ஒருவன் அப்படியொன்றைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குத் தோலு எங்கே அண்ணே?" என்று கேட்டான். "தோலு இருந்தா இந்த வெலைக்கு ஏன் தம்பி குடுக்கிறேன்?" என்றார் கடைக்காரர். பதில் நியாயமாகத்தான் பட்டது போலும். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

இப்படி ஒரு ஜாதி மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பழைய டிரம்மின் உடலை ஓரிடத்தில் வாங்கி, வளையத்தை வேறிடத்தில் தேடி, ஆணியை மூன்றாம் இடத்தில் கடைந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடித்துப் பார்த்து ஆனந்தப்படுகிறவர்கள். பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் மேல்நாட்டு டிரம் செட்டின் சரித்திரமே இந்தப் பைத்தியத்தின் சரித்திரம்தான்.

'டிரம் செட்' என்பது ஒரு வாத்தியமல்ல. கையில் கிடைத்ததை எல்லாம் கூட்டி வைத்த ஒரு குடித்தனம். பெரிய டிரம்மும் சின்ன டிரம்மும் ராணுவ அணிவகுப்பிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் முதலில் வைத்துக்கொண்ட 'டாம் டாம்' சீனர்களிடமிருந்து வந்தது. தாளத் தட்டு துருக்கியிலிருந்து வந்தது; 1623-ல் கான்ஸ்டான்டினோபிளில் தொழில் தொடங்கிய ஜில்ஜியான் குடும்பம் 1929-ல் அமெரிக்காவில் பட்டறை போட்டது. முன்பு இரண்டு மூன்று பேர் வாசித்ததை ஒரே ஆள் வாசிக்கும்படி செய்தது 1909-ல் லுட்விக் என்பவர் கொண்டு வந்த மிதிகட்டை. நாடகக் கொட்டகை முதலாளிகளுக்குச் சம்பளம் மிச்சம். வாசிக்கிறவருக்குக் காலும் ஓய்ந்தபாடில்லை. பிறகு 1957-ல் ரெமோ பெல்லி என்பவர் கன்றுத் தோலுக்குப் பதிலாக மைலார் என்னும் பிளாஸ்டிக் தாளை மாட்டி விற்கத் தொடங்கினார். மழைக்காலத்தில் தொய்ந்து போகும் தோலோடு மல்லுக்கு நின்ற காலம் அத்தோடு போயிற்று.

பழுது பார்க்கிறவனின் தலைவலி மட்டும் போகவில்லை. லண்டனில் 1922-ல் தோன்றிய பிரீமியர் கம்பெனி, 1960-களின் பிற்பகுதி வரை தன் டிரம்களை மற்றவர்களின் அளவிலிருந்து ஒரு மயிரிழை பெரிதாகவே செய்து வந்தது. பதினாலு அங்குலம் என்று பெயர். ஆனால் கடையில் வாங்கும் பதினாலு அங்குலத் தோல் அதில் உட்காராது. பழைய பிரீமியர் டிரம் யார் கைக்கு வந்தாலும் அவர் இந்த மயிரிழையோடு வாரக்கணக்கில் போராட வேண்டியதுதான். சாம்ராஜ்யங்கள் மறைந்தாலும் அவற்றின் அங்குலக் கணக்கு அவ்வளவு சுலபத்தில் மறைகிறதில்லை.

நம்முடைய பழங்கதை இதைவிடச் சுவையானது. சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலில் பகைவரை வென்று, அவர்கள் காத்து வந்த கடம்ப மரத்தை வெட்டி, அந்த மரத்திலேயே தன் வெற்றி முரசைச் செய்தான் என்று பதிற்றுப்பத்து கூறுகிறது. தோலுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. இரண்டு காளைகளைப் பொரவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் கூடச் சீவாமல் முரசுக்குப் போர்த்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. மரம் தோற்றவனுடையது, தோல் வென்றதனுடையது. பல்லாவரம் சந்தையில் உடலும் வளையமும் தனித்தனியே பொறுக்குகிற இளைஞனுக்கு இதைவிடப் பழமையான வம்சாவளி வேறு யாருக்குக் கிடைக்கும்?

மோசிகீரனார் முரசு கட்டிலில் படுத்து உறங்கிவிட்டதும், வாளை உருவ வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி எடுத்து வீசியதும் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. கட்டில் ஏன் காலியாக இருந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. முரசு நீராட்டுக்குப் போயிருந்தது. நீராட்டு ஒரு சடங்கு என்று புலவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ, கூடவே வாரும் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருப்பார்கள் என்றே படுகிறது!

மிருதங்கத்துக்கு வருவோம். பெயர் மண்ணால் ஆன உடலைக் குறிக்கிறது. உடலோ பலா மரம், அதிலும் பண்ருட்டிப் பலாவுக்கு மவுசு. வலந்தலையில் பசுத் தோலும் ஆட்டுத் தோலும் அடுக்காக வருகின்றன. இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். வலந்தலை நடுவே உள்ள கறுப்பு வட்டத்துக்குச் சாதம் என்று பெயர். மெய்யாகவே வடித்த சோற்றை மசித்து, கருங்கல் பொடியோடு பிசைந்து, மெல்லிய பூச்சுப் பூச்சாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து இறுக்குகிறார்கள். இடந்தலைக்குக் கச்சேரி சமயத்தில் ரவைப் பசை. ஒரு விருந்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் இதில் இருக்கிறது. நீடித்து நிற்பது கட்டை மட்டும்தான். மூட்டு தேயும், மாற்றுவார்கள். வார் அறும், மாற்றுவார்கள். தகப்பனார் வாசித்த மிருதங்கம் என்று மகன் பெருமையாகச் சொல்லும்போது, தகப்பனார் விரல் பட்ட தோல் அதில் ஓர் அங்குலம் கூட இராது.

அந்தச் சோற்று வட்டத்தில் இருந்த ரகசியத்தை வெளியிட்டவர் சி.வி. ராமன். சாதாரணமாக ஒரு தோலை அடித்தால் எழும் மேல்ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரைச்சலாகும். நடுவில் பாரம் ஏற்றிய நம் தோலில் அவை வீணைத் தந்தியைப் போல ஒழுங்காக இணைகின்றன என்று அவரும் சிவகாளி குமாரும் 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். 1934-ல் ராமன் இன்னும் விரிவாக ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று கணக்குச் சொன்னார். கணக்கு அவருடையது. ஆனால் எத்தனை பூச்சு, எவ்வளவு அகலம், எங்கே நிறுத்துவது என்பதைக் கணக்கே இல்லாமல் காதால் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

வாத்தியத்தைத் தன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. பஜனையில் ஒலித்த தப்பைக் குறுக்கி, உடும்புத் தோல் போர்த்து, கஞ்சிராவாக்கிக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய பெருமையைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்குத் தருகிறார்கள். இன்று உடும்பு சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் கஞ்சிராவும் வேறு தோல் தேடுகிறது. நாதஸ்வரக் கோஷ்டியிலோ தவில் தன் தோல் வாரை உதறிவிட்டு, எஃகு வளையமும் போல்ட்டும் நட்டுமாக உருமாறிவிட்டது. பழையது போயிற்றே என்று பெருமூச்சு விடுகிறவர்கள், கல்யாண முகூர்த்தத்துக்கு நடுவில் வார் அறுந்து விழித்த தவில்காரரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாலக்காடு மணி ஐயர் 1966-ல் சங்கீத கலாநிதி ஆனார்; மிருதங்க வித்வான்களில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே. அவருடைய நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற ஒரு மனிதர் இருந்தார். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தைச் சேர்ந்தவர். தோலைத் தேர்ந்து, அறுத்து, மூட்டி, சாதம் வைத்துக் கொடுத்தவர். வித்வான் குறை சொல்லத் திருத்தியும், திருத்தியதை மறுபடி பிரித்தும் இருவரும் ஓயாமல் சோதனை செய்தார்கள். ரசிகர்கள் சபையில் 'ஆஹா' போட்டது ஒருவருக்குத்தான். மாட்டின் தோலைத் தொட்டவர், அதிலும் அந்தக் காலத்தில், எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வந்திருப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கைவினைக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஓர் ஆங்கில நூல் எழுதினார். 2020-ல் அதன் வெளியீட்டுக்கு முதலில் இசைந்திருந்த கலாக்ஷேத்திரா அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. நாதம் மட்டும் வேண்டும், தோலின் பேச்சு வேண்டாம் என்றால் அது என்ன ரசனையோ, எனக்கு விளங்கவில்லை.

சந்தையில் வாங்கிய டிரம்முக்கு மைலார் மாட்டப் பத்து நிமிஷம் போதும். சாதம் வைக்கிறவருக்கோ அந்த அவசரம் ஆகாது. ஒரு பூச்சு வைப்பார், கல்லால் தேய்ப்பார், உலர விடுவார், விரலால் தட்டிக் காதைச் சாய்ப்பார். மறுபடி ஒரு பூச்சு. இடையில் யாராவது, "ஆயிற்றா?" என்று கேட்டால் தலை நிமிராமல், "இன்னும் பேசலீங்க" என்பார்.