குறட்டைக்கு ஒரு சரித்திரம்

நம் வீடுகளில் குறட்டை என்றால் நல்ல தூக்கம். 'அசந்து தூங்குறாரு, எழுப்பாதே' என்போம். மருத்துவமும் வெகுகாலம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1956இல் அமெரிக்காவில் பர்வெல் குழுவினர் எழுதிய கட்டுரையில் ஒரு தொழிலதிபர் வருகிறார். போக்கர் ஆட்டத்தில் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. ஜெயிக்க வேண்டிய மனுஷன் தூங்கிப்போனார். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். டிக்கன்ஸ் நாவலில் எந்நேரமும் தூங்கி வழியும் ஜோவை வைத்து, அந்த நோய்க்கு 'பிக்விக்கியன்' என்று பெயரிட்டார்கள். பழி உடல் பருமன்மேலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுமேலும் விழுந்தது.

1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் நோயாளிகளைத் தூங்கவிட்டே மூச்சைப் பதிவு செய்தார்கள். தொண்டை அடைபடுகிறது, மூச்சு நிற்கிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது. இரவு முழுக்க இதே கதை. கண்டுபிடித்தாயிற்று, வைத்தியம்? கழுத்தில் துளை போடுவதுதான்.

சிட்னியில் காலின் சல்லிவன் வேறு மாதிரி யோசித்தார். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தினால் தொண்டை மூடாது. 1981இல் ஐந்து நோயாளிகளின் முடிவை வெளியிட்டார். தேவைப்பட்ட அழுத்தம் அதிகபட்சம் பத்து சென்டிமீட்டர் நீர்மட்டம்தான். எஞ்சினியராக எனக்கு இது அதிசயம்: பத்து சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் ஒரு கத்தியைத் தள்ளி வைத்துவிட்டது.

அப்பா லோரி ஓட்டுகிறார். பகலில் கண் சொக்கினால் பாட்டைச் சத்தமாக வைப்பார். 'குறட்டைக்கெல்லாம் டாக்டராடா?' என்கிறார். அந்தப் போக்கர்காரர் இழந்தது ஒரு ஆட்டம். ஸ்டியரிங்கில் அப்படி இல்லை. தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டேன்.