பம்பாய் அனுப்பிய உறுப்பினர்

பிழைப்பை நாடி வந்தேறிய ஊரின் சார்பில் மன்றம் ஏறிப் பேசும் உரிமை நம்போன்றோர்க்கு உண்டா? இவ்வினாவை 1967ஆம் ஆண்டில் பம்பாய் நகரம் வி. கே. கிருஷ்ண மேனன் முன் வைத்தது.

கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மேனன், 1953இல் சென்னை மாநிலத்தின் சார்பில் மாநிலங்களவை புகுந்தார். 1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் குறித்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் உரையாற்றினார். அவ்வாண்டே வடபம்பாய் அவரை மக்களவைக்கு அனுப்பிற்று. 1962இல் ஆசாரிய கிருபளானியையும் வென்றார். அவ்வாண்டின் சீனப் போர் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் பதவியைப் பறித்தது. அத்தோல்வியில் அவருக்குப் பங்கில்லை என நாம் வாதிட வரவில்லை.

ஆயினும், 1967இல் காங்கிரஸ் அவருக்கு இடம் மறுத்தபோது முன்னிறுத்தப்பட்ட காரணம் போர் அன்று. அவர் வெளியூரார் என்பதே. முந்திய ஆண்டு தோன்றிய சிவசேனை தென்னாட்டாரை எதிர்த்து முழங்கிய காலம் அது. தாராவியில் தோல் பதனிட்ட தமிழரும், மாட்டுங்காவிலிருந்து அலுவலகம் சென்ற எழுத்தரும், மலையாளியான மேனனும் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கப்பட்டனர். சுயேச்சையாக நின்ற மேனன் பார்வேயிடம் தோற்றார். பார்வே சின்னாளில் மறையவே, இடைத்தேர்தலில் அவருடைய சகோதரி தாரா சப்ரேயிடமும் தோற்றார்.

1969இல் அவரைத் தேர்ந்தெடுத்தது வங்காளத்து மிதுனாப்பூர். அதுவோ எவ்வகையிலும் அவர் ஊர் அன்று! 1971இல் திருவனந்தபுரம் அனுப்பிற்று. 1974 அக்டோபரில் மக்களவை உறுப்பினராகவே அவர் காலமானார்.