கப்பலில் எழுதிய இலக்கணம்

1715 ஜூன் 1 அன்று நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்கு ஒரு தமிழ் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் மலையப்பன். முந்தைய ஆண்டு அக்டோபர் 26-ல் தரங்கம்பாடியிலிருந்து கிளம்பிய கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வடக்கே வந்து சேர ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. கூட வந்தவர் பார்த்தலோமியுஸ் சீகன்பால்க். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் 1705-ல் தரங்கம்பாடிக்கு அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி.

இரண்டு பேரும் அந்த ஏழு மாதமும் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கும் வேலை கப்பலிலும் தொடர்ந்தது. லத்தீனில் ஒரு தமிழ் இலக்கண நூலும் அந்தப் பயணத்தில்தான் உருவானது. 'கிராமாட்டிகா டமுலிகா' என்ற பெயரில் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. பண்டிதர் தமிழோடு நிற்காமல் புழங்குகிற தமிழையும் ஐரோப்பியருக்குக் கற்றுத்தர முயன்ற ஆரம்பகால அச்சு நூல்களில் ஒன்று அது.

இன்றைக்கு இதற்கு 'வொர்க்கேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறோம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஐடி வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு கணக்கு சொல்வார்கள். கோடையில் கோபன்ஹேகன் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை பத்து முதல் மாலை ஆறு வரையிலான ஷிஃப்ட், அங்கே காலை ஆறரைக்குத் தொடங்கி மதியம் இரண்டரைக்கு முடிந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். லேப்டாப்பை மூடிய பிறகும் ஒரு முழுப் பகல் கையில் மிச்சம். டிசம்பரில் இதே கணக்கு கவிழ்ந்துவிடும்: ஐந்தரைக்கே எழுந்து உட்கார வேண்டும், நாலு மணிக்குள் சூரியன் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஷெங்கன் குறுகியகால விசா 180 நாளில் அதிகபட்சம் 90 நாள் தங்கவிடும். அது வேலை செய்வதற்கான அனுமதி இல்லை. மீட்டிங் போகலாம், ஊர் பார்க்கலாம். அறையில் உட்கார்ந்து கோட் எழுதினால் என்ன என்ற கேள்விக்கு கம்பெனியின் ஹெச்ஆர் பொதுவாக நேராகப் பதில் சொல்வதில்லை. ஆக, எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்கிற சுதந்திரம் அதைத் தருபவர் போடும் நிபந்தனைகளோடுதான் வருகிறது. இந்த விஷயம் முந்நூறு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் இருந்தது.

தரங்கம்பாடியை டேனியர்கள் பெற்றது 1620-ல், தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து. 1845-ல் பிரிட்டிஷாருக்கு விற்கும்வரை அந்தச் சின்ன ஊருக்குத் தலைமை அலுவலகம் கோபன்ஹேகன். ஒரு கேள்வி எழுதி அனுப்பினால் பதில் வர குறைந்தது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இடைப்பட்ட காலத்தில் களத்தில் இருப்பவர் தன் புத்தியை நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவு தவறு என்று பிறகு கடிதம் வரும்.

சீகன்பால்குக்கு இரண்டு பக்கமும் இடி. உள்ளூர் டேனிஷ் தளபதி ஹாசியஸ் அவரை 1708-ல் டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். 1714-ல் மன்னர் கோபன்ஹேகனில் மிஷன் நிர்வாகத்துக்கென்றே ஒரு கல்லூரியம் அமைத்தார். அதன் செயலாளர் கிறிஸ்டன் வெண்ட், இயேசுவின் சீடர்கள் போல ஊர் ஊராக நடந்து போதிப்பதுதான் மிஷனரி வேலை, கட்டடமும் செலவும் எதற்கு என்று நினைத்தவர். கடைசி ஆண்டுகளில் அவரிடமிருந்து கடுமையான கடிதங்கள் வந்தன. தரங்கம்பாடியில் இன்றும் நிற்கிற புதிய எருசலேம் தேவாலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டையானது. 1719 பிப்ரவரியில் சீகன்பால்க் இறந்தார். வயது 36.

இதைவிட முக்கியமான மறுப்பு வேறொன்று. 1713-ல் அவர் தமிழரின் தெய்வங்களைப் பற்றி ஒரு விரிவான நூலை முடித்து ஹாலேவுக்கு அனுப்பினார். ஐயனார், மாரியம்மன், பிடாரி என்று கிராமத்துச் சாமிகள்வரை அதில் உண்டு. அதற்கான தகவல்களில் பெரும்பகுதி தமிழர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்றவை. ஹாலேயின் தலைவர் ஃபிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அவர் நிலைப்பாடு, இவர்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் அதைப் பரப்ப அல்ல என்பது. கையெழுத்துப்படி பெட்டிக்குள் போனது. அச்சானது 1867-ல், சென்னையில்.

இந்தச் சண்டை அதோடு முடியவில்லை, தாம்பரம் வரை வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. மறு ஆண்டு டிசம்பரில், புத்தம்புதிய அந்த வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 470 பிரதிநிதிகள், ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் உட்பட. டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் மாநாட்டுக்கென்றே எழுதிய தடித்த புத்தகம், கிறித்தவத்துக்கும் பிற மதங்களுக்கும் தொடர்ச்சியே இல்லை என்று வாதிட்டது. சென்னைக்காரர்களான பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் அவர்கள் நண்பர்களும் 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா' என்ற தொகுப்பில் அதற்கு மாற்றுக் குரல் கொடுத்தார்கள். இந்த மண்ணின் சமய அனுபவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இங்கே பேச முடியாது என்பது அவர்கள் தரப்பு. 225 வருஷத்துக்கு முன் ஹாலேவில் பெட்டிக்குள் பூட்டிய கேள்வி, தாம்பரத்தில் மேடையேறியது. இந்த முறை பதில் சொன்னவர்கள் உள்ளூர்க்காரர்கள். பதில் அவர்கள் பெயரிலேயே அச்சில் இருக்கிறது.

பெயர் என்பது சின்ன விஷயமில்லை. 'கிராமாட்டிகா டமுலிகா'வின் தலைப்புப் பக்கத்தில் சீகன்பால்கின் பெயர் இருக்கிறது, மலையப்பன் பெயர் இல்லை. சீகன்பால்க் தமிழர்களிடமிருந்து பெற்ற கடிதங்களில் 99 ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேவில் வெளியாயின. எழுதியவர்களின் பெயர் இல்லாமல். அவற்றின் தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. சாதி, திருமணம், மருத்துவம், மறுபிறவி என்று அந்தத் தமிழர்கள் யோசித்துச் சொன்னதை இன்று நாம் ஜெர்மன் வழியாகத்தான் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மலையப்பன் ஐரோப்பாவிலிருந்து திரும்பி மிஷனில் வேலை பார்த்தார். சீகன்பால்கின் பயணத்தை நாள்வாரியாகச் சொல்லலாம்: பெர்கனிலிருந்து, ஸ்ட்ரால்சுண்ட் முற்றுகையில் பாசறை போட்டிருந்த மன்னரைப் பார்க்கப் போனது, ஹாலே, திருமணம், லண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் பேட்டி, 1716 ஆகஸ்டில் சென்னை. மலையப்பன் பக்கத்தை அப்படி நாள்வாரியாகச் சொல்வது கடினம். தரங்கம்பாடி வெயிலில் வளர்ந்தவருக்கு, இருட்டவே இருட்டாத பெர்கன் ஜூன் ராத்திரி எப்படி இருந்தது? மீனும் மழையும் மரவீடுகளுமான அந்தத் துறைமுகத்தில் அவரை யார் எப்படிப் பார்த்தார்கள்? ஒரு மொழியின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தவர், அந்த மொழியில் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்?

ஆன்சைட் போய்வந்த பலருக்கு இந்த நிலைமை புரியும். வேலை தெரிந்தவர் என்றுதான் கூட்டிப்போவார்கள். டாக்குமெண்டில் பெயர் வேறொருவருடையதாக இருக்கும். நமக்கும் மலையப்பனுக்கும் ஒரே நிலைமை என்று சொல்ல மாட்டேன். நமக்குச் சம்பளமும் ரிட்டர்ன் டிக்கெட்டும் கையில் செல்போனும் இருக்கின்றன. எழுதி வைக்காமல் போனால் பழியை வேறு யார்மேலும் போட முடியாது.

கோபன்ஹேகனில் மதியம் இரண்டரைக்கு வேலை முடிந்தால், கிறிஸ்டியான்ஹாவன் பக்கம் நடந்து ஆசியாடிஸ்க் பிளாட்ஸுக்குப் போகலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆசியக் கம்பெனியின் கிடங்குகள் நின்ற இடம். இப்போது அங்கே டேனிஷ் வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது. நமக்கு விசா தரும் தூதரகம் அதன் கீழ்தான் வருகிறது. ரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்குப் பனையோலை வடிவத்தில் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் அந்த நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அரச நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். மயிலாடுதுறையில் இறங்கினால் தரங்கம்பாடிக்கு பஸ். அந்தக் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் நிற்கிறது. மலையப்பனின் கப்பல் கிளம்பிய கரை அது.