கோவை டவுன்ஹாலுக்கு காரில் போறீங்களா? வண்டியை எங்கே விடலாம், எப்படி போனால் ஈஸி?

கோவையின் பழைய நகரத்தைப் பார்க்க வருபவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் டவுன்ஹால். 1892-ல் கட்டப்பட்ட விக்டோரியா ஹாலில்தான் இன்றும் மாநகராட்சி மாமன்றக் கூட்டம் நடக்கிறது. பக்கத்திலேயே மணிக்கூண்டு. பெரியகடை வீதியில் கோனியம்மன் கோயிலும் புனித மைக்கேல் பேராலயமும், ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசலும் இருக்கு. எல்லாத்தையும் நடந்தே பார்த்துடலாம். சிக்கல் காரை எங்கே நிறுத்துவது என்பதில்தான்.

ஏன் இவ்வளவு நெருக்கடி?

இது கார் வருவதற்கு முன்பே உருவான ஊர். அருகிலுள்ள கோட்டைமேட்டில் இப்போது கோட்டை இல்லை, பெயர் மட்டும் மிச்சம். மாட்டு வண்டிக்கும் தேருக்கும் போட்ட வீதிகளில்தான் இன்று ஜவுளிக்கடை, நகைக்கடை, டவுன் பஸ் எல்லாம். 2024 ஆகஸ்டில் திறந்த உக்கடம் மேம்பாலத்தால் ஆத்துப்பாலம் நெரிசலைத் தாண்டிவிடலாம். ஆனால் அங்கே மிச்சமாகும் நேரம் ஒப்பணக்கார வீதியில் கரைந்துவிடும்.

ரயிலில் வந்தால்

இதுதான் பெஸ்ட். கோவை ஜங்ஷனில் இறங்கி, ஸ்டேட் பேங்க் ரோடு பக்கம் வராமல் பின்புறம் கூட்ஷெட் ரோடு வாசலில் வெளியேறுங்கள். அங்கிருந்து டவுன்ஹால் நடக்கும் தூரம்தான். முன்வாசலில் வந்துவிட்டால் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு போகணும்.

பஸ்ஸில் வந்தால்

பொள்ளாச்சி, உடுமலை, பாலக்காடு பக்கம் இருந்து வருபவர்கள் உக்கடத்தில் இறங்கினால் போதும், சுமார் ஒரு கி.மீ. தான். திருப்பூர், ஈரோடு பஸ்கள் காந்திபுரம் வரும். மதுரை, திருச்சி பஸ்கள் சிங்காநல்லூரோடு நின்றுவிடும். இரண்டு இடத்தில் இருந்தும் டவுன்ஹால் வழியாகப் போகும் டவுன் பஸ் கிடைக்கும். ஆட்டோவில் ஏறினால் 'டவுன்ஹால்' என்றே சொல்லுங்க, 'விக்டோரியா ஹால்' என்றால் யோசிப்பாங்க.

கார்தான் என்றால்

ஜங்ஷனில் உள்ள கட்டண பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடக்கலாம். அல்லது ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கட்டிய பல அடுக்கு கார் பார்க்கிங்கில் நிறுத்தி ஆட்டோ பிடிக்கலாம். கூட வயசானவங்க இருந்தால் அவங்களை கோயில் பக்கம் இறக்கிவிட்டு, டிரைவர் மட்டும் காரை எடுத்துச் செல்வது நல்லது. 'அஞ்சு நிமிஷம்தானே' என்று கடை முன்னால் நிறுத்த வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்ந்த அபராதப்படி நோ பார்க்கிங்குக்கு முதல் முறை ரூ.500, மறுபடி சிக்கினால் ரூ.1,500.

எப்போது போகக் கூடாது?

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மாலை நேரம் இந்தப் பக்கம் காரைத் திருப்பவே வேண்டாம். மாசி மாதம் கோனியம்மன் தேரோட்டத்தன்று போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ராஜ வீதி தேர்நிலைத் திடலில் கிளம்பும் தேர் ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி சுற்றி நிலைக்கு வரும். பார்க்க வேண்டிய நாளும் அதுதான். வரும் பக்தர்களுக்கு பள்ளிவாசல் வாசலில் முஸ்லிம்கள் தண்ணீர் பாட்டில் கொடுப்பாங்க. அன்றைக்கு ரயிலில் வந்து, மேலே சொன்ன கூட்ஷெட் ரோடு வழியாக நடந்து போங்க.